மஞ்சள் பூசிய கதவு

"கழுவின வண்டிய வச்சுக்கிட்டு என்ன சார் செய்யறது?"

நான் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விசாரணையாளர்கள் என்னை அழைத்தால், சுற்றி வளைத்து இந்தக் கேள்விக்குத்தான் வருகிறார்கள். இன்று ஒவ்வொரு நிறுவனமும் செயலி வைத்திருக்கிறது. மோதிய இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து ஏற்றினால், சிறு சேதத்துக்கு ஆள் வந்து பார்ப்பதுகூட இல்லை. ஆனால் மோதிய இடத்தில் யார் படம் எடுக்கிறார்கள்? கூட்டம் கூடுகிறது. "வண்டிய ஓரங்கட்டு" என்று நாலு பேர் கத்துகிறார்கள். ஓரம் கட்டியதும் யார் எங்கே நின்றார்கள் என்பது போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, வண்டியைக் கழுவித் திருஷ்டி கழிப்பது. அதோடு மிச்சமிருந்த சாட்சியும் சாக்கடையில் போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்கு நான் ஒரு வழக்கைத்தான் பதிலாகச் சொல்வேன். அதற்கு முன், அதைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் மாலைப் பத்திரிகை ஒன்றில் விபத்துச் செய்தி எழுதினேன். காவல் நிலையம், மருத்துவமனை, சம்பவ இடம் மூன்றுக்கும் போகாமல் ஒரு வரி எழுதக்கூடாது என்பது எங்கள் செய்தி ஆசிரியரின் விதி. பத்திரிகை மூடப்பட்டபோது அந்தப் பழக்கம் ஒன்றைத்தான் கையோடு எடுத்துக்கொண்டு, தேனாம்பேட்டையில் இருந்த காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சேதத்துக்கு மதிப்புப் போட சர்வேயர்கள் இருந்தார்கள். விபத்து எப்படி நடந்தது, தவறு யாருடையது என்று கண்டுபிடித்து நிறுவனத்துக்குச் சொல்வது என் வேலை.

இழப்பீட்டுப் பிரிவின் தலைவர் வைதேகி மேடம். மயிலாப்பூர்க்காரர். எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முடிவை முதல்ல பாத்துட்டா, அதுக்காக நீங்க எங்கெங்க வளைச்சிருக்கேள்னு தெரிஞ்சுடும்" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிடிக்காத வரி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த வரியின்மேல் வைத்துவிடுவார். நாமே குனிந்து அது எந்த வரி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்ந்த புதிதில், "ஓட்டுநர் அதிவேகமாக வந்தார்" என்று எழுதியிருந்தேன். கண்ணாடி அதன்மேல் உட்கார்ந்தது.

"லூர்து, இது நீங்க பாத்ததா, கேட்டதா?"

"டீக்கடைக்காரர் சொன்னார் மேடம்."

"அப்போ அவர் பேரைப் போட்டு எழுதுங்கோ. அந்த நேரத்துல அவர் டீ ஆத்திண்டு இருந்தாரா, ரோட்டைப் பாத்துண்டு இருந்தாரா, அதையும் கேட்டுண்டு வாங்கோ."

போய்க் கேட்டேன். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் கேட்டுத் திரும்பியவருக்கு வேகம் எப்படித் தெரியும்? அன்றிலிருந்து என் அறிக்கைகளில் 'பார்த்தது' தனியாகவும் 'கேட்டது' தனியாகவும் இருக்கும்.

அடையாறில் ஒருவர், நிறுத்தியிருந்த தன் காரை லாரி உரசிவிட்டுப் போய்விட்டதாக இழப்பீடு கேட்டார். சிராய்ப்பில் ரோஸ் நிறச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவர் வீட்டு கேட் தூணும் அதே ரோஸ் நிறம். அதிலும் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. நான் தூணையும் காரையும் மாறி மாறிப் பார்ப்பதை அவர் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு, "சரி சார், தூணுதான் வந்து இடிச்சுதுன்னு எழுதிக்குங்க" என்றார். அவரிடம் முழுக் காப்பீடு இருந்தது. தூணில் இடித்தேன் என்று சொல்லியிருந்தாலே பணம் கிடைத்திருக்கும். தேவையில்லாமல் பொய் சொல்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

இனி ஏழுமலையின் வழக்கு. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்தது.

ஏழுமலை சொந்தமாக ஒரு வெள்ளை டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். குடிசையை அகற்றிய அரசு, குடும்பத்தைப் பெருங்குடிக்கும் அப்பால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டது. வீடு தள்ளிப் போனாலும் வாடிக்கையாளர்கள் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருந்ததால் தினமும் காலையில் இங்கே வந்துவிடுவார். டாக்சி செயலி எதிலும் அவர் சேரவில்லை. நேராக அவரைக் கூப்பிடுகிறவர்கள்தான் பிழைப்பு.

ஒரு காலை, மந்தைவெளியில் ஒரு சந்திலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும் முனையில் அவருடைய டாக்சியின் வலப்பக்க முன்கதவில் ஒரு பெரிய கறுப்புக் கார் மோதியது. காரின் சொந்தக்காரர் சந்திரசேகர் கட்டடத் தொழில் செய்பவர். அவர் சொன்னது: டாக்சி சந்திலிருந்து நிற்காமல் பாய்ந்தது. ஏழுமலை சொன்னது: டாக்சி முனையில் நின்றுகொண்டிருந்தது.

கூட்டம் இரண்டு வண்டியையும் ஓரம் கட்ட வைத்தது. ஒரு படம்கூட இல்லை. சந்திரசேகர் அங்கே நல்லபடியாகவே பேசியிருக்கிறார். "போலீஸ் கீலீஸ்லாம் எதுக்குப்பா? நீ வண்டிய ரெடி பண்ணு. செலவ நான் பாத்துக்கறேன்." ஏழுமலை நம்பிப் போய்விட்டார். மறுநாள், தன் மணிக்கட்டு பிசகிவிட்டது என்று சந்திரசேகர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை ஏழுமலைமேல் பதிவானது.

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். மோதிய இடத்தில் கிடைக்கும் வாய்வார்த்தைக்கு மறுநாள் மதிப்பு இல்லை. சமாதானம் பேசலாம், ஆனால் அதற்கு முன் படம் எடுத்து, காவல் நிலையத்தில் உங்கள் தரப்பைப் பதிவு செய்து, உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். ஏழுமலை இதில் எதையும் செய்யவில்லை. அவரிடம் முழுக் காப்பீடும் இல்லை. பழைய வண்டி என்பதால் சட்டத்துக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அது அவர் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு உதவும். அவர் வண்டிக்கு உதவாது. தவறு கறுப்புக் காருடையது என்று நிரூபித்தால்தான் அந்தக் காரின் காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு வரும். இல்லாவிட்டால் வழக்கு அவர்மேல் நிற்கும், வண்டியும் போய்விடும். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அவருக்காகத் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்.

கறுப்புக் காருக்குக் காப்பீடு கொடுத்திருந்தது எங்கள் நிறுவனம். டாக்சியைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள்.

வண்டி ஆதம்பாக்கத்தில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர் பாபு என்பவரின் கொட்டகையில் நின்றது. பாபு ஏழுமலையின் பால்ய நண்பர். நான் யாரென்று சொன்னதும் சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இடிச்சவன் கம்பெனியா?"

"ஆமா."

"அப்ப இன்னா எழுதப் போறீங்கன்னு தெரிஞ்சி போச்சி. டேய் ஏழுமல, சாருக்கு ஒரு டீ சொல்லு. ஆப்பு வெக்க வந்துக்கிறாரு."

ஏழுமலை அவரை அடக்கினார். "சும்மா கெட மச்சி. சார், நான் நின்னுக்கினு இருந்தேன். பஸ்ஸு ஒண்ணு போவட்டும்னு பிரேக்குல கால வெச்சிக்கினு நிக்கறேன். அந்தாளு போனப் பாத்துக்கினே வந்து உட்டான். அவ்ளோதான் சார். வேற இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

கதவைப் பார்த்தேன். என் நம்பிக்கை குறைந்தது. கதவு திறக்கவில்லை என்று பாபு உள்ளிருந்து தட்டி ஒடுக்கைப் பாதி எடுத்துவிட்டார். மேலே ஒட்டியிருந்த கறுப்புக் கறையைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார். போதாததற்கு, கதவு முழுக்க மஞ்சள் அப்பி, நடுவில் குங்குமம். கீழே பூசணிக்காய் உடைத்த சிவப்பு.

"இது யாரு பண்ணது?"

"நான்தான்" என்றபடி தூணுக்குப் பின்னாலிருந்து ஏழுமலையின் மனைவி செல்வி வந்தார். "இருந்த சாட்சியும் போச்சி, எல்லாம் உன்னாலதான்னு அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் திட்டிக்கினு கீறாங்க. புருசன் உசுரோட வந்துட்டானேன்னு பூசணிக்கா ஒட்ச்சேன். அது குத்தமா சார்?"

"பூசணிக்காய் சரி. கதவுல எதுக்கு மஞ்சள்?"

என்னை விவரம் தெரியாதவன் போலப் பார்த்தார். "அடி பட்ட எடத்துல மஞ்சா வெக்க மாட்டாங்களா? வண்டிதான சார் சோறு போடுது."

பாபு சிரித்துவிட்டார். "வண்டிக்குக் கட்டு ஒண்ணுதான் போடல. மத்ததெல்லாம் ஆயிப் போச்சி."

செல்விக்குக் கோபம் வந்தது. ஈரத்துணியை எடுத்தார். "இப்ப இன்னா, தொடச்சா போச்சி" என்று கதவை அழுத்தித் தேய்த்தார். வழவழப்பான இடங்களில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. ஆனால் நடுவில் சில மெல்லிய கோடுகள் மட்டும் மஞ்சளாகவே நின்றன. அவர் இன்னும் அழுத்தினார். கோடுகள் போகவில்லை.

"நிறுத்துங்க!"

நான் கத்தியதில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். செல்வி துணியைப் போட்டுவிட்டார்.

வெள்ளைப் பெயின்ட்டில் விழுந்த வெள்ளைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. படத்திலும் வராது. தின்னர் கறையை எடுத்துவிடும், கீறலை எடுக்காது. பெயின்ட் வெட்டுப்பட்ட இடத்தில் மஞ்சள் இறங்கிச் சாயமாகப் பிடித்திருந்தது. கோடுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. எல்லாமே குட்டையானவை. எல்லாமே மேலிருந்து கீழாக.

ஓடுகிற வண்டியின் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால், கீறல்கள் கதவின் நீளவாக்கில் பின்பக்கமாக இழுபடும். டாக்சி பாய்ந்து வந்திருந்தால் இந்தக் கதவில் படுக்கைக் கோடுகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மோதுகிறவர் கடைசி நொடியில் பிரேக் மிதித்தால் அவர் காரின் மூக்கு தாழும். அப்போது, எதிரே நிற்கும் வண்டியில் கீறல் மேலிருந்து கீழாகத்தான் விழும்.

"பாபு, வெளியிலிருந்து ஏதாவது சுரண்டினீங்களா? உப்புத்தாள் போட்டீங்களா?"

"இல்ல சார். உள்ள இருந்து தட்டுனதுதான். வெளிய தின்னர் துணி மட்டும்." பாபு இப்போது சுத்தியலைக் கீழே வைத்திருந்தார். "சார், இந்தக் கோடு எங்களுக்கு நல்லதா, கெட்டதா?"

படம் எடுத்தேன். ஜோடிக் கோடுகளுக்கு இடையிலான அகலத்தையும் தரையிலிருந்து உயரத்தையும் டேப் பிடித்து அளந்தேன். யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நேராகப் பெருங்குடிக்குப் போனேன். கறுப்புக் கார் அங்கே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தது.

அங்கே புது பம்பர் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. பழையது எங்கே என்று கேட்டதற்கு, பின்புறக் குவியலைக் காட்டினார்கள். காயலான் கடை வண்டி வாசலில் நின்று ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு, ஏற்றிய பம்பரை இறக்க வைத்தேன். நம்பர் பிளேட் வளைந்து அதிலேயே தொங்கியது. பிளேட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளின் தலைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின் இடுக்கில் வெள்ளைப் பெயின்ட் துணுக்குகள். டேப்பை வைத்தேன். இரண்டு திருகுகளுக்கும் இடையிலான அகலம், கதவில் இருந்த அகலம்.

வைதேகி மேடம் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். படங்கள் வந்ததும் நின்றார். கண்ணாடி மஞ்சள் கோடுகளின்மேல் உட்கார்ந்தது.

"மஞ்சத் தண்ணிய ஊத்தினா அது மேலேருந்து கீழதானே வழியும்? வழிஞ்ச கறையா இருக்கலாமே?"

சந்திரசேகர் தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான்.

"கீறல்தான் மேடம். நகத்துல தட்டுது."

"உங்க நகத்துல தட்டறது. எனக்கு அது கேட்டது. பாத்ததில்ல."

அடுத்த நாள் அவரே ஆதம்பாக்கம் வந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு டிங்கர் கொட்டகைக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை. பாபு துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்காராமல் கதவருகே போனார். செல்வியைக் கூப்பிட்டு, "நீங்களே இன்னொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவுங்கோ" என்றார். செல்வி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வழிந்த கறை எல்லாம் நுரையோடு போயிற்று. ஜோடிக் கோடுகள் நின்றன. மேடம் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல் நகத்தைக் கதவின் குறுக்கே மெதுவாக இழுத்தார். ஒவ்வொரு கோட்டிலும் நகம் தடுக்கி நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"எழுதிக்கோங்கோ லூர்து. பார்த்தது."

ஏழுமலை மெல்லக் கேட்டார்: "இன்னா சார் சொல்றாங்க?"

"நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்கன்னு சொல்றாங்க."

அவர் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாபு அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியா நைனா, அண்ணிய அந்தத் திட்டுத் திட்டுனியே! போய்க் கால்ல வுழு."

"நீ திட்டல?" என்றார் செல்வி. "மொதல்ல நீ வுழு."

எங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞருக்குத்தான் இது பிடிக்கவில்லை. நம் விசாரணையாளரின் அறிக்கையே நமக்கு எதிராக இருக்கிறதே, இதைக் கோப்பில் வைக்காமலே வழக்கை நடத்தலாமே என்றார். மேடம் அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சந்திரசேகரையும் வரவழைத்தார். மேசைமேல் பழைய பம்பர் இருந்தது.

சந்திரசேகர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நான் உங்க கஸ்டமர். எத்தன வருஷமா பிரீமியம் கட்றேன். எனக்கு எதிரா நீங்களே வேலை பாக்கறீங்களா?"

"நீங்க தெரியாம இடிச்சுட்டா பணம் கட்டத்தான் சார் நாங்க இருக்கோம். அதுக்குத்தான் உங்ககிட்ட பிரீமியம் வாங்கறது. உங்க கையிலேருந்து ஒரு பைசா போகப் போறதில்ல. பின்ன எதுக்கு அந்த மனுஷன் மேல கேஸு?"

சந்திரசேகர் பம்பரின் பக்கம் குனிந்தார். திருகுத் தலையில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு போன் வந்துது" என்றார். "சைட்லேருந்து. நான் எடுத்திருக்கக் கூடாது. என் பேர்ல தப்புன்னா இன்சூரன்ஸ் வராதுன்னு நெனச்சேன்."

அதைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். காப்பீடு எதற்கு என்று தெரியாமலே அத்தனை ஆண்டுகள் கட்டியிருக்கிறார். அடையாறு தூண்காரருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. இவருடைய பொய்யில் இன்னொருவர் பிழைப்பு மாட்டிக்கொண்டது என்பதைத் தவிர.

சந்திரசேகர் காவல் நிலையத்துக்குப் போய் மறுவாக்குமூலம் கொடுத்தார். நானும் படங்களுடன் போய் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். ஏழுமலைமேல் இருந்த வழக்கு கைவிடப்பட்டது. இழப்பீட்டு மனு மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வந்தது. எங்கள் வழக்கறிஞரே எழுந்து, நிறுவனம் பொறுப்பேற்கிறது, வண்டிச் சேதத்தையும் வேலை இழந்த நாட்களையும் ஈடுகட்டச் சம்மதிக்கிறது என்றார். அவர் குரலில் அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நீதிபதி ஏழுமலையைப் பார்த்தார். "தொகைக்கு உங்களுக்குச் சம்மதமா? வேற ஏதாவது சொல்லணுமா?"

"சம்மதம்தான் ஐயா. ஆனா என் மேல தப்பில்லன்னு நீங்க ஒரு தபா வாயால சொல்லிடுங்க ஐயா. எங்க ஏரியால நான்தான் குடிச்சிட்டு இடிச்சேன்னு பேசிக்கினு கீறாங்க."

நீதிபதி பேனாவை வைத்தார். "உங்க வண்டி நின்னுக்கிட்டு இருந்தது. தப்பு உங்க மேல இல்ல." பிறகு, பின்வரிசையில் நின்ற செல்வியைப் பார்த்து, "அந்தம்மாவுக்கும் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுச்சி ஐயா" என்றார் செல்வி, தேவைக்கு மேல் சத்தமாக.

வெளியே தாழ்வாரத்தில் பாபு காத்திருந்தார். கதவை மாற்றி, பெயின்ட் அடித்து, வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சாவியைத் தூக்கிப் போட்டார். "எட்த்துக்கோ மச்சி. பெட்ரோலு நீ போட்டுக்க."

ஏழுமலை சாவியைப் பிடித்துக்கொண்டார். கைப்பேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, காதில் வைத்தபடியே படிக்கட்டில் இறங்கினார். மந்தைவெளியில் டயாலிசிஸ் போகிற அம்மா ஒருவர். வாரம் தவறாமல் இவரைத்தான் கூப்பிடுவாராம். அடுத்து, மயிலாப்பூரில் ஒரு வங்கி அதிகாரி. அதற்கடுத்து இன்னொருவர். படி திரும்பி அவர் என் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கீழேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஏழுமல பேசறேன். வண்டி கீதும்மா... சார், ஏழுமல. ஆமா சார், வண்டி கீது... வண்டி கீது."